வெட்டியெடுத்த சாவு

நல்லகாமனுக்குப் படித்தவர்களைக் கண்டால் ஆகாது. அதிலும் ஒன்றும் தெரியாமல் எல்லாம் தெரிந்த மாதிரி பேசுகிறவனைக் கண்டால் குமட்டிக்கொண்டு வரும். மதுரையில் ஒரு தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு அப்படி ஒருத்தன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேர் அனந்தநாராயணன். காலேஜ் வாத்தியார். பழைய படங்களைத் தோண்டியெடுத்துப் போட்டுக் காட்டுவதற்கென்று ஒரு சங்கம் வைத்திருந்தான்.

படம் ‘நாகமலைச் சாபம்’. முப்பது வருஷத்துக்கு முன்னால் வந்தது. டவுனில் மூன்றே நாளில் தூக்கிவிட்டார்கள். எடுத்த கம்பெனி நொடித்துப் போனது. டைரக்டரும் செத்தார். படப்பெட்டி எங்கே என்று கேட்க நாதியில்லை. சமயநல்லூர் டூரிங் டாக்கீஸ் முதலாளி வீட்டுப் பரணில் கிடந்ததை அவர் மகன் பரவையில் பழைய சாமான் கடை வைத்திருக்கிற ஜலீலிடம் தள்ளிவிட்டான். ஜலீலிடம் அனந்தநாராயணன் வாங்கினான். பூஞ்சையைத் துடைத்து, கிழிசலை ஒட்டி, எட்டு மாசம் அதோடு மல்லுக்கட்டினானாம். இப்போது மெட்ராஸிலிருந்து ரயிலேறி வந்து இந்தப் படத்தையே மூன்று தடவை பார்த்தவர்கள் இருக்கிறார்களாம். பத்திரிகையில் கூட எழுதிவிட்டார்கள்.

“கதாநாயகியப் பாம்பு கொத்துது. கீழ விழறா. அடுத்த நொடி மணவறையில உக்காந்திருக்கா. ஒரு விளக்கம் கிடையாது. செத்தாளா, பொழச்சாளா, கனவா? இப்படி ஒரு வெட்டு ஒலகத்துல எவனும் யோசிச்சதில்ல. இந்த டைரக்டர் ஒரு மேதை” என்றான் மைக்கில்.

ஜலீல் கொடுத்த ஓசி டிக்கெட்டில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நல்லகாமன் எழுந்தார்.

“அத வெட்டுனது நான்.”

தியேட்டர் சிரித்தது. ஜிப்பா போட்ட ஒருத்தன், மீதிப் படத்தையும் பெரியவர்தான் எடுத்தாரா என்று கேட்டான். அனந்தநாராயணன் மட்டும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம். பைத்தியத்திடம் பேசுவதுபோல மெதுவாக, வெட்டியிருந்தால் வெட்டின துண்டு எங்கே என்றான். வீட்டில் இருக்கிறது, வந்து பார் என்று சொல்லிவிட்டு நல்லகாமன் வெளியே வந்தார்.

அந்த டூரிங் டாக்கீஸில் இருபத்திரண்டு வருஷம் ஆப்பரேட்டர் அவர். படம் அங்கே வந்தது வைகாசி மாசம். கல்யாணம் முடிந்த கையோடு பொண்ணு மாப்பிள்ளையை வண்டி கட்டி சினிமாவுக்குக் கூட்டிவருவது அந்தப் பக்கத்து வழக்கம். முதல் நாளே ஏழு ஜோடி, மாலை வாடாமல் வந்து உட்கார்ந்திருந்தது. படத்தின் முடிவிலோ கதாநாயகி புருஷன் மடியில் செத்து, வைகைக் கரையில் எரிந்து சாம்பலாகிறாள். பொண்ணுகளெல்லாம் அழுதபடி எழுந்தன. ஒரு பொண்ணுக்குத் தாய்மாமன் கேபினுக்குள் ஏறி வந்து நல்லகாமன் சட்டையைப் பிடித்தான். தாலி ஏறி நாலு நாள் ஆகாத பிள்ளைக்குச் சுடுகாட்டைக் காட்டுகிறாயா என்று கேட்டு ஒரு அறை விட்டான். நாளைக்கும் இதே கூத்து என்றால் கொட்டகைக்குத் தீ வைக்கிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் நல்லகாமன் பிளேடை எடுத்தார். பாம்பு கொத்தி விழுந்ததற்குப் பிறகு உள்ள ஆறு நிமிஷத்தை வெட்டினார். மூன்றாவது ரீலில் வரும் கல்யாணத்தைத் தூக்கிக் கடைசியில் ஒட்டினார். விழுகிறவளின் கை தரையைத் தொடுகிற இடமும், மணவறையில் அதே கை பூவை எடுக்கிற இடமும் ஒன்றோடொன்று சேரும்படி பார்த்துப் பார்த்து ஒட்டினார். அதற்கே அரை நாள் ஆயிற்று. படம் நாற்பது நாள் ஓடியது. பேரையூரிலிருந்தெல்லாம் ஜோடிகள் வந்தன.

ஆப்பரேட்டர்கள் வெட்டுகிற துண்டைத் தூக்கிப் போடமாட்டார்கள். டப்பாவில் வைத்திருந்து, பெட்டி கம்பெனிக்குத் திரும்பும்போது மறுபடி ஒட்டி அனுப்புவார்கள். இந்தப் பெட்டியைத் திருப்பி வாங்கக் கம்பெனியே இல்லாததால் துண்டு நல்லகாமன் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அடுத்த வாரம் அனந்தநாராயணன் வீடு தேடி வந்து நின்றான். ஸ்கூட்டரை வாசலில் போட்டுவிட்டு, டப்பாவைத் திறந்து, பிலிமை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். சுடுகாட்டுக் கட்டம் வந்ததும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

“இத ஒட்டிட்டா படம் முழுசாயிடும்” என்றான். “கல்யாணம் மூணாவது ரீலுக்குத் திரும்பப் போயிடும். நீங்க ஒட்டுனத எடுத்துடலாம்.”

“ஏன் எடுக்கணும்?”

“அது பழுது பெரியவரே. டேமேஜ். இந்த மாதிரி பழுதத்தான் எட்டு மாசமா நீக்கிட்டிருக்கேன்.”

“போன வாரம் ஒலகத்துலயே இல்லாத வெட்டுன்னீரு.”

“டைரக்டர் செஞ்சதுன்னு நெனச்சேன்.”

“செஞ்சது நாந்தான்னு தெரிஞ்சதும் பழுதாயிருச்சாக்கும்.”

படத்தில் என் பேர் போடுவீரா என்று நல்லகாமன் கேட்டார். சமயநல்லூரில் கிடைத்தது என்று போடலாம் என்றான். கொடுக்க முடியாது என்றதும் வாத்தியாருக்கு முகம் மாறியது. இது கம்பெனிச் சொத்து, இத்தனை வருஷம் வைத்திருந்ததே தப்பு, போலீசோடு வர வைக்காதீர்கள் என்றான். நல்லகாமன் செவ்வாய்க்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

கொடுத்தால், படத்தில் அவர் வெட்டும் இருக்காது, பேரும் இருக்காது. கொடுக்காமல் வைத்திருந்தால், அவர் கண்ணை மூடிய மறுநாள் பெண்டாட்டி செல்லத்தாய் டப்பாவை ஜலீலிடம் எடைக்குப் போடுவாள். ஜலீல் நேரே வாத்தியாரிடம் போவான். அவனையும் நம்ப முடியாது. யாரையும் நம்பி அவருக்குப் பழக்கமில்லை.

திங்கட்கிழமை காலையில் நெல் அவிக்கிற அண்டாவை அடுப்பில் ஏற்றி, தண்ணீர் ஊற்றி, சலவைச் சோடாவை அள்ளிப் போட்டார். பழைய பிலிமை வாங்கி வளையல் செய்கிறவர்கள் இப்படித்தான் கழுவுவார்கள். கொதியில் படம் வழுவழுவென்று உரிந்து வரும்.

“எவளோ ஒருத்தி சாகணுமா வேணாமான்னு ரெண்டு ஆம்பளைக மல்லுக்கு நிக்கிறீக. அதுக்கு என் அண்டாதான் கெடச்சுதா?” என்றாள் செல்லத்தாய்.

“ஓஞ் சோலியப் பாரு.”

கந்தலால் தேய்க்கத் தேய்க்க, புருஷன் மடி போயிற்று, சிதை போயிற்று, வைகை போயிற்று. கொடியில் காயப்போட்டு, சுற்றி, அதே டப்பாவில் வைத்து மூடினார்.

செவ்வாய்க்கிழமை அனந்தநாராயணன் ஜன்னலில் பிடித்துப் பார்த்தபோது பிலிம் வழியாக எதிர்வீட்டு ஆடு தெரிந்தது. அவன் கத்தவில்லை. “நீரெல்லாம் ஒரு மனுஷனா?” என்று கேட்டான்.

“பழுத நீக்கணும்னு நீருதான சொன்னீரு” என்றார் நல்லகாமன்.

அவன் டப்பாவை வாசலில் எறிந்துவிட்டு ஸ்கூட்டரை உதைத்தான்.

அடுத்த காட்சிக்கு மெட்ராஸ்காரர்கள் நிறையப் பேர் வருகிறார்கள் என்று ஜலீல் சொன்னான். போகாதீக அண்ணே, அந்த ஆள் கொலைவெறியில் இருக்கிறார் என்றும் சொன்னான். நல்லகாமன் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

அனந்தநாராயணன் அவரைப் பார்த்துவிட்டுத்தான் மைக்கை எடுத்தான். நீங்கள் கொண்டாடுகிற முடிவு டைரக்டருடையது இல்லை, நான் எழுதியது சொன்னது எல்லாம் தப்பு என்று ஆரம்பித்தான். உண்மையான முடிவைத் தன் கண்ணால் ஒரே ஒரு தடவை பார்த்ததாகவும், இனிமேல் யாருமே பார்க்க முடியாதென்றும் சொன்னான்.

“அந்தப் பாவத்தச் செஞ்சது ஒரு டென்ட் கொட்டகை ஆப்பரேட்டர். படிப்பறிவு இல்லாத ஒரு ஆள். வெட்டுனதும் அந்த ஆள்தான். அழிச்சதும் அந்த ஆள்தான்.”

நல்லகாமன் எழுந்து நின்றார்.

“ஆளுக்குப் பேரு இருக்கு. அதச் சொல்லும்.”

தியேட்டர் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரோ ‘ச்சீ’ என்றார்கள். வாத்தியார் மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். சொல்லாமல் விட்டால் கிழவன் உட்காரமாட்டான் என்பது அவனுக்குப் புரிந்தது.

“சமயநல்லூர் நல்லகாமன்” என்றான், வாயில் அகப்பட்ட கல்லைத் துப்புகிற மாதிரி.

பேர் நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது. நல்லகாமன் உட்கார்ந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, படத்தைப் போடச் சொல்லிக் கேபின் பக்கம் கையைக் காட்டினார்.