மூன்று தட்டு

பத்தொன்பது வருஷமாக ஆறு மணிக்கு மீன் கிடங்கின் உறைகுளிர் அறையைப் பூட்டி, ஏழு மணிக்கு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிற மனுஷனுக்குக் கிடங்கில் வைத்த பேர் மணிக்கூண்டு. அவரைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தலாம் என்பார்கள். மனைவிக்குத்தான் அது பிடிக்காது. "செக்குமாடுகூட ஒரு நாள் முரண்டு பிடிக்கும், உங்களுக்கு அதுவும் தெரியாது," என்று காலையில் சொல்லிவிட்டாள். சுருக்கென்று தைத்தது.

அன்று நாலு மணிக்கே அறையைப் பூட்டினார். சாவியைக் குமாஸ்தாவின் மேஜையில் வைத்துவிட்டு, எதிர்த்திசையில் போகிற பேருந்தில் ஏறினார். அது எங்கே போகிறது என்றுகூடக் கேட்கவில்லை. பார்க்காத தெருக்களை ஜன்னல் வழியே பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். சத்தியமாகச் சந்தோஷமாக இருந்தார்.

ஊரைத் தாண்டி ஒரு மணி நேரம் போன பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. கதவைத் தட்டினோமா?

அந்தப் பழைய கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. அதனால் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போகிறவர் தன் எண் போட்ட பித்தளை வில்லையைக் கதவோரத்து ஆணியில் மாட்டுவார், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்வார். பூட்டுகிறவர் ஆணியைப் பார்த்து, மூன்று தட்டுத் தட்டி, காது கொடுத்துக் கேட்ட பிறகே பூட்டுவார். அன்று மூன்றே முக்காலுக்கு அவருடைய மச்சினன், மனைவியின் ஒரே தம்பி, பத்து நிமிஷ வேலைதானே என்று கம்பளிச் சட்டைகூடப் போடாமல் உள்ளே போனான். வந்தானா?

தட்டிய சத்தம் காதிலேயே இருந்தது. ஆனால் அது இன்றைய சத்தமா, நேற்றையதா, போன வருஷத்ததா? அத்தனை வருஷத் தட்டும் ஒரே தட்டாகக் கிடந்தது.

மச்சினன் போனை எடுக்கவில்லை. குமாஸ்தாவைப் பிடித்து, ஆணியில் வில்லை ஏதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்.

"ஆணி காலியாத்தான் இருக்கு. எல்லாரும் போயாச்சு, நானும் கிடங்கைப் பூட்டிட்டுக் கிளம்பறேன். ஒரு நாள் சீக்கிரம் போனதுக்கு இப்படிப் பதறினா எப்படிங்க?"

போன உயிர் திரும்பி வந்தது. கடைசி நிறுத்தம்வரை போய்விடுவது என்று முடிவு செய்தார். நடத்துநர் மேற்கொண்டு போக டிக்கெட் கேட்க, சட்டைப் பையில் கையை விட்டார்.

தினமும் ஆறு மணிக்கு ஆணியில் மிச்சமிருப்பது, நாள் முழுக்க உள்ளே போய் வருகிற அவருடைய வில்லை மட்டும்தான். பூட்டியதும் கை தானாக அதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளும், கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. இன்றும் கை தன் வேலையைச் செய்திருந்தது. சில்லறையோடு இரண்டு வில்லைகள் வந்தன. ஒன்று அவருடைய ஏழு. இன்னொன்று பதினெட்டு, மச்சினனுடையது.

குமாஸ்தாவை மறுபடி கூப்பிட்டார்; போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பேருந்து நீளமான பாலத்தில் ஏறியது. அவர் முன்னால் ஓடி, வண்டியை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார்.

ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாலம் தாண்டித்தான் நிறுத்துவேன். எப்பவும் அப்படித்தான்."