நாலு டன் கிரைண்டர்

சூளகிரி ஏலக் கொட்டகையில் எந்தப் பொருளும் நூறு ரூபாய்க்கு ஒரு கிலோ வீதம் கனக்கும். கேட்கக் கேட்க ஏறும். மூன்றாம் தரம் சொன்னதும் நின்றுவிடும். அதற்கு முன் அது எத்தனை கிலோ இருந்தது என்பது அந்தப் பொருளுக்கே ஞாபகம் இருக்காது. ஐநூறு ரூபாய்க்குப் போன இரும்பு ஷட்டரை சாமல்பட்டிக்காரர் ஒருவர் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார், கண்டக்டர் லக்கேஜ்கூடப் போடவில்லை. மூடிய பேக்கரியின் கண்ணாடி ஷோகேஸ் ஒன்று அறுபதாயிரத்துக்குப் போய், ஏற்றிய டெம்போவின் அச்சை முறித்தது. முதல் மாதம் ஆட்கள் வாயைப் பிளந்தார்கள். இரண்டாம் மாதம் டெம்போக்காரர்கள் வாடகையை நடைக்கணக்கிலிருந்து எடைக்கணக்குக்கு மாற்றினார்கள். அத்தோடு ஆச்சரியம் முடிந்தது.

ஆச்சரியப்பட வேண்டியது விலையைப் பார்த்துத்தான். செவ்வாய்க்கிழமை மூவாயிரத்துக்குப் போன பிரிட்ஜின் ஜோடி வியாழக்கிழமை பத்தொன்பதாயிரத்துக்குப் போகும். விசாரித்தால், வியாழனன்று வந்த கூட்டத்தில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சகலைகள் இருந்திருப்பார்கள். ஏலம் விடும் எல்லப்பன் முன்பு மாட்டுத் தரகர். ஒருதரத்தைத் தமிழிலும் இரண்டாம் தரத்தைக் கன்னடத்திலும் மூன்றாம் தரத்தைத் தெலுங்கிலும் சொல்வார். எனக்குப் புரியவில்லை என்று பிற்பாடு யாரும் பிராது கொடுக்க முடியாது.

சம்பங்கி அங்கே வந்தது ஒரு கிரைண்டருக்காக. பதினோரு வருடம் கம்பெனி கேன்டீனில் மாவரைத்தவள், கேன்டீனை வேறு கான்ட்ராக்டர் எடுத்ததும் வெளியே வந்திருந்தாள். மத்திகிரியில் ஒரு அறை பிடித்து மெஸ் போட்டு, பக்கத்து ஷெட்டின் நூற்றெண்பது பேருக்குத் திங்கட்கிழமை முதல் காலை இட்லி தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டாள். கையில் பதினெட்டாயிரம். ஒரு நாள் இட்லி வராவிட்டாலும் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். இதனால் அவளால் எங்கேயும் உட்கார முடியவில்லை. கொட்டகையில் நாற்காலி போட்டிருந்தும் கிரைண்டரைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

அன்று இரண்டு பெரியமனிதர்கள் வந்திருந்தார்கள். ஒருவர் சிறுதொழில் முன்னேற்றப் பேரவையின் தலைவர் ஹரீஷ்குமார். இன்னொருவர், அதிலிருந்து பிரிந்து அசல் சிறுதொழில் முன்னேற்றப் பேரவை நடத்தும் மாதப்பன். இருவருக்கும் கிரைண்டர் தேவையில்லை; மாவரைக்கும் சமையலறை எந்தத் திசையில் இருக்கிறது என்பதே வீட்டாரைக் கேட்டால்தான் தெரியும். ஆனால் கேட்டவர் பெயரை எல்லப்பன் மைக்கில் சொல்வார். சம்பங்கி பதினெட்டாயிரத்தில் நின்றாள். ஹரீஷ்குமார் இருபது என்றார். மாதப்பன் முப்பது என்றார். லட்சத்தில் சிமெண்ட் தரை விரிசல் விட்டது. இரண்டு லட்சத்தில் கிரைண்டரின் கால்கள் மண்ணுக்குள் போயின. நாலு லட்சத்தில் மாதப்பன் கும்பிட்டு விலக, ஹரீஷ்குமார் தன் சால்வையைத் தானே சரிசெய்துகொண்டார். கிரைண்டரின் வாய் மட்டும் தரையோடு தரையாகத் தெரிந்தது.

கிருஷ்ணகிரியிலிருந்து வந்த கிரேன்காரர் குழிக்குள் எட்டிப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். மூன்று நாளில் தூக்காவிட்டால் முன்பணம் போய் மறுஏலம் என்பது விதி. அந்த மூன்று நாளும் சம்பங்கி மத்திகிரிக்கும் சூளகிரிக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தாள், சீட் காலியாக இருந்தும். குழிக்குள் கைவிட்டுக் கல்லைத் தடவிப் பார்ப்பாள். "தொடாதம்மா, அது தலைவரு சொத்து" என்று எல்லப்பன் விரட்டுவார். "தலைவரு வந்து தூக்கட்டும்ணா, தொடல" என்பாள்.

மறுஏலம் ஞாயிறு காலை வந்தது. புதைந்து கிடந்த சாமானைக் கேட்க ஆள் இல்லை. சம்பங்கி ஒன்பதாயிரம் என்றாள். கிரைண்டர் ஒரு குலுங்கு குலுங்கி, மண்ணை உதறிக்கொண்டு மேலே வந்து நின்றது. கூட்டம் கை தட்டியது. "யோகம்தாம்மா உனக்கு, பாதி காசு மிச்சம்" என்று சொல்லி எல்லப்பன் ஒருதரம் என்றார். சம்பங்கி கல்லில் உள்ளங்கையை வைத்தாள். கல் காலித் தகரடப்பா மாதிரி ஆடியது. பதினோரு வருடம் பழகிய கை அது.

"எரடு சல" என்றார் எல்லப்பன்.

"பத்தாயிரம்" என்றாள் சம்பங்கி.

"யாருக்கு மேலம்மா கேக்கற? கேட்டதே நீதானே!"

"எனக்கு மேலதான். இந்தக் கல்லு மோரு கடையும்ணா, மாவரைக்காது."

கூட்டம் சிரித்தது. மூளை கலங்கிவிட்டதாக முடிவுசெய்து ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் பதினொன்று, பன்னிரண்டு என்று தன்னையே தோற்கடித்துக்கொண்டு போனாள். பதினாலில் கல் இன்னும் வழுக்கியது. பதினாறில் லேசாக அழுந்தியது. பதினேழில் அவள் முடிச்சிலிருந்த காசைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் ஆயிரத்துக்குள் கனம் வராவிட்டால் கிரைண்டரும் இல்லை, திங்கட்கிழமையும் இல்லை. கையில் அளந்த காசோடு நின்ற பெண்ணுக்கு மேல் கேட்க அங்கே ஒருவருக்கும் மனம் வரவில்லை, அல்லது குழிக்குப் பயந்தார்கள். பதினேழாயிரத்து ஐநூறு என்றாள். கல் அடித்தட்டில் சப்பணமிட்ட மாதிரி உட்கார்ந்தது.

"போதும்ணா. சொல்லுங்க."

"மூடோ சாரி" என்றார் எல்லப்பன். மீதி ஐநூறு ரூபாய் டெம்போவுக்குச் சரியாக இருந்தது.

திங்கட்கிழமை நூற்றெண்பது பேரும் சாப்பிட்டார்கள். அந்தக் கல்லில் அரைத்த இட்லி ஏழு ரூபாய், எழுபது கிராம்; அதே கொட்டகைக் கணக்கு. ஒரு மாதம் கழித்து, எங்கோ கொடியேற்றிவிட்டு வந்த ஹரீஷ்குமார் சால்வையோடு மெஸ்ஸுக்குள் நுழைந்தபோது மூன்று இட்லிதான் மிச்சம். அதை ஷிப்ட் முடித்து வந்த லேத் ஆபரேட்டர் யேசுராஜ் கேட்டிருந்தான்.

"எனக்குக் குடும்மா, ஒண்ணுக்குப் பத்து ரூபா போட்டுக்கோ" என்றார் தலைவர்.

யேசுராஜுக்குப் பசியைவிடக் குறும்பு அதிகம். "பதினஞ்சு" என்றான்.

தலைவருக்கு மைக் இல்லாத இடத்திலும் மைக் கேட்டது. ஐம்பது என்றார், நூறு என்றார். இருநூறு என்ற யேசுராஜ் ஐநூறில் கும்பிட்டு விலகினான். சம்பங்கி தட்டை இரண்டு கையாலும் தாங்கி வந்து வைத்தாள். மேசை முனகியது. தலைவர் மூன்றையும் கௌரவமாகச் சாப்பிட்டார். பாதியில் விட்டால் நாலு பேர் பேசுவார்கள்.

பிறகு எழுந்திருக்க முடியவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுப் போனார்கள். உள்ளே நூற்று எழுபத்தைந்து கிலோ கிரைண்டர் மறுநாளைக்கான மாவை அரைத்துக்கொண்டிருந்தது. சம்பங்கி துடைப்பத்தோடு வந்தாள்.

"ஐயா, காலைக் கொஞ்சம் தூக்கிக்கோங்க, பெருக்கணும்."

அவர் முயன்று பார்த்தார். அவள் சுற்றிப் பெருக்கிக்கொண்டு போனாள்.