காலி ஓட்டம்

ஆறு வாரத்துக்கு எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது முதலில் தலையாட்டியவன் அவள் புருஷன்தான். தண்ணீர் நிறைந்த செம்புக்கு மேல் எடையுள்ள எதையும் தொடக் கூடாது, குனிந்து துவைக்கக் கூடாது, அநாவசியமாகப் படி ஏறி இறங்கக் கூடாது. கர்ப்பப்பையை எடுக்கப்போகும் இடத்தில் உள்தையல் சேர அத்தனை நாளாகும்.

"வீட்ல பாத்துக்க ஆள் இருக்காங்களா?"

"நான் ஒருத்தன் போதாதுங்களா டாக்டர்? அவளக் கட்டில விட்டு எறங்க விடமாட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தாறு வருடத்தில் தான் குடித்த டம்ளரைக்கூடக் கழுவி வைக்காத கை, டாக்டரின் மேசைமேல் என்ன ஆட்டம் ஆடுகிறது! நாக்குக்கு எலும்பில்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

அவள் சோப்புத் தொழிற்சாலையில் பேக்கிங் மேஸ்திரி. பதினாறு பெண்கள் அவள் கண்ணசைவில் வேலை செய்கிறார்கள். அந்தப் பதினாறு பேரில் லேபிள் ஒட்டுகிறவளுக்கும் இதே ஆபரேஷன்தான் போன வருடம் நடந்தது. வீட்டில் ஆளில்லாமல் பன்னிரண்டாம் நாள் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினாள். உள்ளே தையல் விட்டுப்போய் மறுபடியும் ஆஸ்பத்திரி. இன்றைக்கும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். தினமும் எதிரே அவளைப் பார்த்துக்கொண்டு வேலை செய்கிறவளுக்கு டாக்டர் விளக்க வேண்டியது எதுவும் இல்லை.

இவர்கள் வீடோ மூன்றாவது மாடி. மோட்டார் கெட்டு மூன்று வருடமாகிறது. கீழே குழாயில் பிடித்து, ஐம்பத்திரண்டு படி ஏறி, ஒரு நாளைக்கு எட்டு வாளி. அந்த எட்டையும் தூக்குகிறவள் அவள். மற்ற மூன்று பேரும் குளிக்கிறவர்கள்.

ஆகவே ஒரு தாளை எடுத்து எழுதி ஃப்ரிட்ஜின் கதவில் ஒட்டினாள். தண்ணீர், அப்பா. சமையல், மகன். துணியும் பாத்திரமும், மகள். மகனுக்கு இருபத்து நாலு வயது, போன் ரிப்பேர் கடையில் வேலை. தலைமுடி போல மெல்லிசான கம்பிகளை எல்லாம் ஒட்டத் தெரிந்தவனுக்கு அடுப்பில் பால் பொங்குவது தெரியாது. மகள் கல்லூரியில் நிர்வாகம் படிக்கிறாள். எதை நிர்வகிக்கப் போகிறாளோ, இதுவரை தன் தலையணை உறையைக்கூட மாற்றியதில்லை. மூன்று பேரும் தாளைப் படித்துவிட்டு, "நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். கேட்டதும் அவளுக்கு டாக்டரின் மேசைமேல் ஆடிய கை ஞாபகம் வந்தது.

தொழிற்சாலையில் புது அளவு சோப்பு வந்தால் எடுத்த எடுப்பில் சரக்கை ஏற்ற மாட்டார்கள். வெறும் அட்டைப் பெட்டிகளை பெல்ட்டில் ஓடவிடுவார்கள். எங்கே சிக்குகிறது, யார் கை பின்தங்குகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். அதற்குக் காலி ஓட்டம் என்று பெயர். வீட்டிலும் ஒன்று ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருந்தது.

"ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணிலேந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் நான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்தவ. கட்டில்லயே கெடப்பேன். நீங்க மூணு பேரும் வீட்ட நடத்திக் காட்டுங்க."

"அம்மா, இது என்ன வீடா, ஃபேக்டரியா?" என்றாள் மகள்.

"ஃபேக்டரியா இருந்தா உன்ன மொத வாரமே வெளிய அனுப்பியிருப்பேன்டி."

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குப் படுத்தாள். ஆறே காலுக்கு மகன் வந்து நின்றான்.

"அம்மா, அரிசி எத்தன டம்ளர்?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"அம்மா, தூங்குறியா?"

"மயக்க மருந்து இன்னும் தெளியலடா."

ஆறரைக்கு மகள். சோப்புத் தூள் எங்கே இருக்கிறது? சோப்புத் தொழிற்சாலை மேஸ்திரியின் மகள் கேட்ட கேள்வி இது. ஏழு மணிக்குப் புருஷன் வந்தான். "ஏய், வாளி ரொம்ப வழுக்குதே, எப்பிடிப் பிடிச்சு ஏறுற?"

"கையாலதாங்க."

அதற்குப் பிறகு கூடத்தில் மூன்று பேரும் குசுகுசுவென்று பேசினார்கள். வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். உண்மையிலேயே அதன்பின் ஒரு கேள்வி வரவில்லை. ட்ரம்மில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒன்று. ஊற்றுகிற ஒவ்வொரு தடவையும் புருஷன் பெரிதாக மூச்சு விட்டான், "அப்பாடா" என்றான். திறந்திருந்த கதவு வழியே பார்த்தால் பால்கனிக் கொடியில் துணிகள் சொட்டச் சொட்டத் தொங்கின. மத்தியானம் மகன் அவளுடைய பாத்திரத்திலேயே சுடச்சுடச் சோறும் பருப்பும் முட்டையும் கொண்டுவந்து வைத்தான். உப்பும் காரமும் அளவாக இருந்தன. அங்கேயே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பெற்ற மனம் பித்து அல்லவா. இத்தனை நாளாக இதுகளைக் குறைத்துத்தான் எடை போட்டுவிட்டோமோ என்று தோன்றி, கண்ணோரத்தில் ஈரம்கூட வந்துவிட்டது. அந்த ஈரத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் கூசும்.

ஆறு மணி அடித்ததும் எழுந்து, செருப்புக்காகக் கட்டிலுக்கு அடியில் காலை விட்டாள். மெத்தென்று ஏதோ மிதிபட்டது. குனிந்து இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. ஒரு வாரத்து அழுக்குத் துணி முழுவதும் அங்கே இருந்தது. காலையில் அவள் குளியலறைக்குப் போயிருந்த நேரம் பார்த்துத் திணித்திருக்கிறார்கள். பகல் பூராவும் அதன்மேல்தான் படுத்துக்கொண்டு பூரித்துப் போயிருந்தாள்.

அப்படியானால் கொடியில் தொங்குவது? போய்ப் பார்த்தாள். போன வாரம் அவளே துவைத்து, மடித்து, அலமாரியில் அடுக்கி வைத்தவை. எடுத்து நனைத்துத் தொங்கவிட்டிருக்கிறாள் மகாராணி.

ட்ரம்மின் மூடியைத் திறந்தாள். அடியில் இரண்டு சாண் தண்ணீர்.

"காலைலேந்து தண்ணி ஊத்துற சத்தம் கேட்டுதே?"

கடைசியில் மகள்தான் அப்பனைக் காட்டிக்கொடுத்தாள். "அப்பா ட்ரம்லேந்தே மொண்டு ட்ரம்லயே ஊத்தினாரும்மா."

அவள் புருஷனைப் பார்த்தாள். குனிந்து மொண்டு, நிமிர்ந்து ஊற்றி, மூச்சு வாங்கி, அப்பாடா போட்டு... அந்த உடம்பு நோவுக்கு நாலு வாளி கீழேயிருந்தே வந்து சேர்ந்திருக்கும். வேலை செய்யப் பயந்தவனைப் பார்த்திருக்கிறாள். வேலை செய்யாமலிருக்க இவ்வளவு வேலை செய்கிறவனை இப்போதுதான் பார்க்கிறாள்.

"சாப்பாடு?"

"தெருமுனைக் கடை," என்றான் மகன். "நல்லாத்தானம்மா இருந்துச்சு? நீயே ரெண்டாவது தடவ கேட்டியே."

"காலி ஓட்டம்னு நீதான சொன்ன?" என்று புருஷன் குறுக்கே வந்தான். "காலியா ஓட்டினோம். நெசத்துல வந்தா செய்ய மாட்டமா?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு பாட்டம் திட்டு வாங்கிக்கொண்டு பழையபடி உட்கார்ந்திருப்பார்கள். அவள் பேசாமல் வாளியை எடுத்துக்கொண்டு கீழே போனாள். நிறைத்துத் தூக்கி வரும்போது அடிவயிறு இழுத்தது. இரண்டாவது மாடியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோது ஒன்று தெளிவாகிவிட்டது. இந்த வீட்டில் படுத்தால் பன்னிரண்டாம் நாள்கூடத் தாங்காது. ஐந்தாம் நாளே அவள் வாளி தூக்குவாள். லேபிள்காரியைப் போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பாள்.

மறுநாள் பேக்கிங் மேசையில் பக்கத்து ஆளிடம் சொன்னாள். அவளை எல்லோரும் நெட்டச்சி என்பார்கள். மேல் அடுக்குப் பெட்டியை ஸ்டூல் போடாமல் எடுக்கிறவள். கல்யாணம் வேண்டாம் என்று ஒண்டியாக இருக்கிறாள். ட்ரம் கதையைக் கேட்டு முதலில் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"அக்கா, என் ரூம் கீழ்வீடு. கொழா வாசல்லயே இருக்கு. நான் நைட் ஷிப்டு கேட்டு வாங்கிக்கறேன். பகல்ல கூட இருப்பேன், ராத்திரிக்குப் பக்கத்து ரூம் நர்ஸ் இருக்கா. ஆறு வாரம் வந்து கெட."

"சும்மா பேச்சுக்குச் சொல்லாதடி."

"பேச்சுக்குச் சொல்றவங்க உன் வீட்ல இருக்காங்க."

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின மாலை, நெட்டச்சி வீட்டுக்கும் சேர்த்து அவள் துணிப்பை கட்டியதும் வீட்டுக்கு மானம் ரோஷமெல்லாம் ஒன்றாக வந்துவிட்டது.

"புருஷன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். நீ எவ வீட்லயோ போய்ப் படுத்தா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"குத்துக்கல்லுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. கல்லு தண்ணி தூக்குமா?"

"அப்ப இங்க சமையல்?" என்றான் மகன்.

"தெருமுனைக் கட இருக்கேடா. நல்லாத்தான இருந்துச்சு."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். புருஷன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பிள்ளைகள் இரண்டையும் இரு பக்கமும் நிறுத்திக்கொண்டு வார்டு வாசலில் நின்றான். வார்டு நர்ஸ், என்ன செய்யலாம், என்ன கூடாது என்று எழுதிய தாளைக் கொண்டுவந்து, "பாத்துக்கப்போறது யாரு?" என்று கேட்டாள். அவன் கையை நீட்டினான். படுக்கையிலிருந்தவள் தாளைத் தன் கையில் வாங்கி, பின்னால் நின்ற நெட்டச்சியிடம் கொடுத்தாள்.

நர்ஸ் ஒரு பார்வை பார்த்தாள். மாத்திரை நேரங்களை நெட்டச்சிக்கே சொல்லிக் கொடுத்தாள். இந்த மாதிரி வீடுகளைத் தினமும் பார்க்கிறவள்தானே.

வாடகை வண்டியின் பின்சீட்டில் அவளைச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். நெட்டச்சி முன்னால் ஏறி டிரைவருக்கு வழி சொன்னாள். புருஷன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"அப்ப நாங்க எப்பிடிப் போறது?"

"நடந்து போங்கண்ணே," என்றாள் நெட்டச்சி. "உங்க மூணு பேருக்கும் தையல் ஒண்ணும் போடலியே."

வண்டி நகர்ந்தது. சிரிப்போ இருமலோ வந்தால் தையல் இழுக்கும், தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அவள் தலையணையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.