மூன்றாம் மாடி நடையின் அகலம்

ப்ரன்ஸ்விக்கில் டிராம் பாதையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் செங்கல் குடியிருப்பின் மூன்றாம் மாடி நடை, கட்டி முடித்தபோது ஆறடி அகலம் இருந்தது. அடுத்த கிறிஸ்துமஸுக்குள் பதினோரு அடியானது. போன வருஷம் இரண்டரை அடி. நடுவில் எந்தச் சுவரையும் யாரும் இடிக்கவில்லை, கட்டவும் இல்லை. அங்கே நின்று பேச ஆள் இருந்தால் நடை அகலும், இல்லாவிட்டால் சுருங்கும், அவ்வளவுதான். நகராட்சிக்காரர்கள் மூன்று முறை வந்து மூன்று அளவு குறித்துக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் வரவில்லை.

கட்டடத்தை வரைந்தவர் ஜூடித் ஃபென்னர். மாடிப்படிக்கும் வீட்டுக் கதவுகளுக்கும் நடுவில் ஒரு பொது நடை, அதைப் பார்த்தபடி எல்லா வீட்டு அடுப்படி ஜன்னலும் என்று அவர் வரைந்தபோது முதல் போட்டவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். "விக்க முடியாத இடத்துக்கு எதுக்குங்க இவ்வளவு செங்கல்? ஒரு படுக்கையறை போட்டிருக்கலாமே" என்றார் ஒருவர். "படுக்கையறையில ரெண்டு பேருதான் பேசிக்க முடியும்" என்றாராம் ஜூடித்.

அசுந்தாவும் அவள் கணவன் நேவியோவும் அங்கே குடிவந்து, நடை மிக அகலமாக இருந்த வருஷத்தில் பதினாலு பேர் உட்காரும் வால்நட் மரமேசை வாங்கினார்கள். மூன்று வீட்டு ஆண்கள் தூக்கி, ஒரு கீறல் விழாமல் உள்ளே கொண்டுபோனார்கள். டிசம்பர் வெயிலில் எல்லாக் கதவுகளும் திறந்து கிடக்கும். பக்கத்துக் கிரேக்கக் குடும்பத்தின் காபியும் அசுந்தாவின் லசான்யாவும் எந்த வீட்டில் யார் சாப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் போய்வந்துகொண்டிருந்தன. அந்தச் சுகம் இனி வராது என்று அசுந்தா பின்னால் நினைத்தாள். அப்போது அதெல்லாம் ஏதோ ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையாகத்தான் இருந்தது.

கட்டடத்தின் படம் பத்திரிகையில் வந்ததுதான் வினை. நல்ல வடிவமைப்பு என்று பேர் வந்ததும் விலை ஏறியது. விலை ஏறியதும் கிரேக்கர்கள் விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்களில் பாதிப் பேர் பூட்டியே வைத்தார்கள், மீதிப் பேர் பெட்டியோடு வந்து பெட்டியோடு போகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். நேவியோ இறந்தபின் அசுந்தாவுக்குப் பேச ஆளில்லை. எதிர்வீட்டில் இரவுப் பணிக்குப் போகும் டோங்கா நாட்டு நர்ஸ் லூப்பே இரண்டு வருஷமாக இருந்தாள். ஒருவர் போகத்தான் இடம் என்பதால், இவள் போகட்டும் என்று அவள் கதவுக்குப் பின்னால் நிற்பாள், அவள் போகட்டும் என்று இவள் நிற்பாள். இருவரும் முகம் பார்த்ததே இல்லை.

அடிலெய்டில் இருக்கும் மகள் லொரெடானா தன்னோடு வந்துவிடச் சொன்னாள். அசுந்தா சம்மதித்தாள், மேசையும் வந்தால். ஆனால் காலைக் கழற்றினாலும் பலகை நடையில் திரும்பாது என்று சாமான் ஏற்ற வந்தவர்கள் கையை விரித்தார்கள்.

"ரெண்டா அறுத்துக்கலாம்மா. இங்க வந்து ஒட்டிக்கலாம்" என்றாள் மகள் போனில்.

"உன்ன அறுத்து ஒட்டினா சும்மா இருப்பியாடி?"

வேறு வழியில்லை. வீட்டு ஏலம் சனிக்கிழமை, மேசைக்கு ரம்பம் திங்கட்கிழமை என்று முடிவானது. அசுந்தா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த ஊரில் வீட்டை ஏலம் விட்டால், வாங்கும் எண்ணமே இல்லாத அக்கம்பக்கமெல்லாம் கையில் காபியும் நாயுமாகத் தெருவில் கூடிவிடும். அடுத்த வீடு என்ன விலைக்குப் போகிறது என்று தெரியாவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது. அன்று ஆலங்கட்டி மழை கொட்டியது. ஏலம் விடும் டல்லி எல்லோரையும் மாடிக்கு ஓட்டிவந்தார். அறையை அடைத்துக்கொண்டு நின்ற மேசையை வெள்ளைத் துணி போட்டு மறைத்திருந்தார். கூட்டம் படியிலும் நடையிலும் ஒற்றை வரிசையாக நெருக்கி நின்றது. வேலை முடிந்து வந்து நடுவில் மாட்டிக்கொண்ட லூப்பே, தலைகளுக்கு மேலே முதல்முறையாக அசுந்தாவின் முகத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

"புதுக் கேள்வி! நர்ஸ் அம்மா கூட்டிக் கேக்குறாங்க!" என்றார் டல்லி.

"ஐயையோ, நான் ஆன்ட்டிக்குக் கையாட்டினேங்க. வீடு வாங்குற மூஞ்சியா இது?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு பேச்சானது. யாருடைய நாய், எந்தப் பள்ளிக்கூடம், அந்தக் கிரேக்கக் கிழவர் இப்போது எங்கே. சுவர் சத்தமில்லாமல் பின்னால் போனது. டல்லி காலைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டு ஏலத்தைத் தொடர்ந்தார். வீட்டை, அதிலேயே குடியிருக்கப்போகும் ஒரு பல் மருத்துவரும் அவர் மனைவியும் எடுத்தார்கள்.

"இப்பவே தூக்கிடலாம் ஆன்ட்டி, இடம் இருக்கு" என்றாள் லூப்பே. எட்டுப் பேர் தூக்கினார்கள். மேசை சுலபமாக வெளியே வந்தது. படி இறங்குமுன் கை மாற்ற நடையில் வைத்தபோது யாரோ அதன்மேல் காபிக் கோப்பையை வைத்தார்கள். இன்னொருவர் வைத்தார். லூப்பே உள்ளே போய், பொரித்த மாவுருண்டைத் தட்டோடு திரும்பி வந்தாள்.

அசுந்தா பார்த்துக்கொண்டு நின்றாள். மேசை போனால் இவர்களும் போவார்கள், நாளைக்கு இந்தப் பெண் மறுபடி கதவுக்குப் பின்னால் நிற்பாள். மேசையை விட்டுக்கொடுக்க அவளுக்குக் கொஞ்சமும் மனமில்லைதான்.

"இங்கயே இருக்கட்டும்ப்பா, இறக்க வேண்டாம்" என்றாள்.

திங்கட்கிழமை இரண்டு பெட்டியோடு கிளம்பினாள். இப்போது அந்தக் கட்டடத்தின் விற்பனைப் பத்திரத்தில் நடையின் அளவு 'மாறும்' என்றே எழுதுகிறார்கள், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அசுந்தா அடிலெய்டிலிருந்து லூப்பேயைக் கூப்பிடுவாள். சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான்.

"இன்னைக்கு எவ்வளவுடி?"

"பல் டாக்டர் பாப்பாவுக்குப் பிறந்தநாள் ஆன்ட்டி. எதிர்ச் சுவரையே காணோம்."