குலுக்கப்பட்ட சுழலி

'பாட்டில்' அக்கா கோபப்பட்டால் ஆய்வுக்கூடத்து ஃப்ரிட்ஜ்கூட நடுங்கும். அன்றைக்கு மூன்று மாடியும் நடுங்கியது.

பின்னே? பத்தொன்பது வருஷமாகக் கண்ணாடி பாட்டில்களில் அவள் வளர்த்த சுழலி வெளுத்துக் கிடந்தது. சுழலி என்பது அவள் வைத்த செல்லப்பெயர். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் கடலுயிர். இரண்டே வால், பம்பரமாய்ச் சுற்றும். கடலில் பெருகிவிட்டால் சிப்பிக்கு விஷமேற்றும். கடல்நீரில் இருப்பது அந்தப் போக்கிரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க இந்த பாட்டில்கள்தான் ஆதாரம். பெற்ற பிள்ளைகளுக்குச் சோறு பிந்தியிருக்கலாம். வெளிச்சமே சோறான சுழலிக்கு விளக்குப் போடுவது ஒரு நிமிஷம்கூடப் பிந்தியதில்லை.

"ஒரு வாரம்தான் லீவு போட்டேன்! யாரு கை வச்சது?"

புது மேலாளர் பெருமையோடு வந்தார். "நான்தாம்மா. எல்லாம் அடியில படிஞ்சு கிடந்துச்சு. தினம் காலையில நல்லா குலுக்கி வச்சேன்."

"இதென்ன இருமல் மருந்தா சார்? குலுக்குனா வால் அறுந்து செத்துடும்! மூணு பாட்டிலையுமா?"

"ஒண்ண மட்டும் விட்டா பாரபட்சம் ஆயிடுமேன்னு..."

மேலாளர் முகமும் பாட்டில் நிறத்துக்கு வந்தது. "சரி விடுங்க. செத்ததை எல்லாம் வெள்ளிக்கிழமை கீழே ஊத்திட்டு அலமாரியைக் காலி பண்ணிடலாம். வேற எங்கேயாவது வாங்கிக்கலாம்."

"நம்ம கடல் சுழலி வேற எங்கயும் கிடையாது சார். உயிரோட ஒண்ணு இருந்தாப் போதும். வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரும் இந்தப் பக்கம் வரக்கூடாது. நீங்களும்தான்."

நுண்ணோக்கியில் கண்ணை ஒட்டவைத்துவிட்டாள். ஒவ்வொரு சொட்டாக, மூன்று நாள். அவள் குடிக்க மறந்து ஆறிப்போன டீயை எல்லாம் ஊற்றியிருந்தால் இன்னொரு கடலே உண்டாகியிருக்கும். எல்லாம் பிணம். கழுத்து பிடித்துக்கொண்டது, அவள் எழுந்திருக்கவில்லை.

வியாழன் மதியம், கடைசி பாட்டிலின் அடியில், ஒன்றே ஒன்று சுற்றியது!

முடியளவு மெலிந்த கண்ணாடிக் குழாயை எடுத்தாள். டிமிக்கி கொடுக்கும் பிள்ளை மாதிரி அது இந்த ஓரம் ஓடியது, அந்த ஓரம் ஓடியது. "ஓடுடி, எவ்வளவு தூரம்தான் ஓடுவே? மொத்தமே ஒரு சொட்டுத் தண்ணி." மூன்றாவது முயற்சியில் குழாய்க்குள் வந்தது. புதுக் கடல்நீரில், விளக்கடியில் விட்டாள்.

ஒன்று இரண்டானது, இரண்டு நாலானது. ஆறாவது வாரம் பாட்டில் இளம்பழுப்பாய்ப் பூரித்து நின்றது.

மேலாளர் வாசலிலேயே நின்றார். "கிட்ட வரலாமா?"

"வாங்க. மூச்சை மட்டும் மெதுவா விடுங்க. நாளையிலேருந்து விளக்குப் போடறது உங்க வேலை. ஏழு மணி."

மறுநாள் ஆறு ஐம்பதுக்கே அவர் அலமாரி முன்னால் நின்றார், இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் பூட்டி வைத்துக்கொண்டு.