மூன்று பொத்தான்களும் மாட்டிக்கொண்ட வக்கீலும்

1

என் பல்செட்டின் மீது ஆணை: இந்தக் கதையின் ஒவ்வொரு சொல்லும் உண்மை. மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் மாற்றப் போன கடையில், அங்கே வேலை பார்க்கும் பெண் பாதியைச் சொன்னாள். மீதிப் பாதி, லென்ஸ் தயாராகும்வரை சும்மா உட்கார்ந்திருந்தபோது தானாக என் தலைக்குள் வந்து சம்மணம் போட்டுக்கொண்டது. தானாக வந்ததைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தொடக்கம்தான் படுத்துகிறது. "அது ஒரு மாலை நேரம். மேகங்கள்..." வேண்டாம். மேகத்துக்கு இதில் வேலையில்லை. "லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி காலையிலேயே வீட்டைவிட்டுப் போய்..." இதுவும் வேண்டாம். அவள் போனதை அவனே சாயங்காலம்தான் கவனித்தான். அவனுக்கு முன்னால் உங்களுக்குச் சொல்வது நியாயமில்லை.

2

சரி, நேராகவே வருகிறேன். உயரமான கட்டடம் ஒன்றின் உச்சியில் லிஃப்ட் மோட்டார் அறை. கிரீஸ் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு மெக்கானிக் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறான். கையில் போன். போனுக்குள், பலர் சேர்ந்து ஆடும் கண்ணாமூச்சி விளையாட்டு. தேடுபவன் அவன். ஒளியப்போவது அவன் மனைவி, அவளுடைய அக்கா, அக்கா வீட்டுக்காரர். மனைவி இப்போது இருப்பது அக்கா வீட்டில். அவன் போன் பண்ணினால் எடுப்பதில்லை, மெசேஜ் போட்டால் பதில் இல்லை. இந்த விளையாட்டுக்கு மட்டும் வருகிறாள்.

போனதற்குக் காரணம் இது: மூக்குக்கண்ணாடியின் கறுப்பு பிரேமை மாற்றிச் சிவப்பு பிரேம் போட்டுக்கொண்டு, பல நாள் அவன் எதிரே குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். அவன் கண்ணில் படவில்லை. லிஃப்டில் ஒரு பொத்தானின் விளக்கு லேசாக மங்கியதை மட்டும் சாப்பிடும்போது விலாவாரியாகச் சொன்னான்.

"நாற்காலி, மேஜை, நான். இந்த வீட்டுல மூணும் ஒண்ணுதான்," என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள்.

இப்போது அந்த விளையாட்டின் வழியாகவே பேசுகிறாள்: "இன்னைக்கு ஒரே ஆட்டம். என்னைக் கண்டுபிடிச்சா வீட்டுக்கு வர்றேன். இல்லேன்னா மிச்சத் துணிமணிய எடுக்க அத்தான அனுப்புறேன். எந்த ஆட்டம்னு நீங்களே வையுங்க."

3

திரையில் மூன்று பொத்தான்கள்.

சாதாரணம். ஒளிந்தவர் ஒளிந்த இடத்தில் இருப்பார். இதில் அவளை அவன் ஒருநாளும் பிடித்ததில்லை. வைத்தால் தோல்வி நிச்சயம்.

ஒட்டுவாரொட்டி. பிடிபட்டவர் அந்த நொடியே தேடுபவர் கட்சிக்கு மாறிவிட வேண்டும். அக்கா வீட்டுக்காரர் எப்போதும் ஒரே திரைச்சீலைக்குப் பின்னால்தான் நிற்பார். முதலில் அவரைப் பிடித்து, அவரை வைத்து அக்காவைப் பிடித்து, மூன்று பேருமாகப் போய் அவளைச் சுற்றி வளைக்கலாம். ஜெயிக்கலாம். ஆனால், "தனியா வரத் துப்பில்லாம ஆள் சேர்த்துக்கிட்டுத்தானே வந்தீங்க," என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக்காட்டுவாள்.

பொருள். ஒளிபவர் ஒரு சாமானாக மாறி நிற்கலாம்: வாளி, குடை, நாற்காலி. இதில் மெக்கானிக் புலி. அறையில் ஒரு திருகாணி கூடுதலாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். ஆனால், நாற்காலியும் நானும் ஒன்று என்று அழுதுகொண்டு போனவளை, திரும்பி வா என்று கூப்பிட்டு, நாற்காலியாகவே நிறுத்துவதா?

(அழுதுகொண்டு என்பது என் கைச்சரக்கு. கடைப்பெண் அப்படிச் சொல்லவில்லை. என் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள், தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் துடைத்தாள், அவ்வளவுதான். ஆமாம், அந்த மனைவி அவள்தான். கண்ணாமூச்சிக் கதை என்பதால் இவ்வளவு நேரம் மறைத்துவைத்தேன்.)

4

அலாரம் மணி அடிக்கிறது. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு வக்கீல்.

(இவரை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். கதைக்கு இவர் அவசியமே இல்லை. ஆனால் கதவைத் திறந்தால்தானே ஆளை வெளியே எடுக்க முடியும்? திறக்க வேண்டியவன் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.)

"யோவ், எவ்வளவு நேரம்யா?" இண்டர்காமில் வக்கீல்.

"ஒரு நிமிஷம் சார். பொண்டாட்டி விஷயம்." மெக்கானிக் முழுவதையும் கொட்டினான்.

வக்கீல் அந்த இருட்டிலும் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பொருள்னு வச்சியோ, எதிர்த்தரப்பு சொன்னத நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ப்பா."

"அப்ப சாதாரணம்?"

"தோத்துடுவன்னு நீதானே சொன்னே?"

"அப்ப ஒட்டுவாரொட்டி வைக்கட்டுமா?"

"முதல்ல கதவத் திற. வெளியில வந்து சொல்றேன்."

இது போனில் கேட்டுவிட்டது. "என்னடி இது," என்றாள் அக்கா, "உன் வீட்டுக்காரர் பக்கத்துல வக்கீல உக்கார வச்சுக்கிட்டா பேசுறாரு?"

மெக்கானிக் போனை வாய்க்கு அருகே இழுத்தான்.

"ஐயோ, அவரு லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவருங்க!"

"பொய்யாவது நல்லாச் சொல்லுங்க," என்றாள் மனைவி. குரல் மாறியிருந்தது. "சீக்கிரம் வையுங்க. நான் கிளம்பணும்."

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். உட்கார்ந்து ஒன்று, நடந்துகொண்டே ஒன்று.

அவன் பொருளை அழுத்துகிறான். அறைக்குள் போய், எதையும் தொடாமல், ஒவ்வொரு சாமானின் முன்னாலும் நின்று மன்னிப்புக் கேட்கிறான். வாளியிடம், விளக்கிடம், குடையிடம். குடை, "பரவாயில்ல சகலை, விடுங்க," என்கிறது. இது சிரிப்பாகிவிட்டது. அடித்துவிட்டேன்.

சாதாரணத்தை அழுத்தித் தோற்கிறான். துணி மூட்டையை அத்தானுக்கு விடாமல் தானே சுமந்து அக்கா வீட்டு வாசலில் நிற்கிறான். அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

ஒட்டுவாரொட்டியை அழுத்தி... வக்கீல் மணியிலிருந்து கையை எடுக்கமாட்டேன் என்கிறார். யோசனை ஓடவில்லை.

6

கடைப்பெண்ணிடமே கேட்டேன். "கடைசியில எதம்மா வச்சாரு?"

"பில் அந்தப் பக்கம் சார்," என்றாள்.

அவள் போட்டிருந்தது சிவப்பு பிரேமா, கறுப்பா என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் கவனிக்கவில்லை.

ஆகவே போனை உங்களிடம் நீட்டுகிறேன். நேரம் ஓடுகிறது. அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்கிறது. கீழே வக்கீல் கதவை உதைக்கிறார். மூன்றில் ஒன்றை நீங்களே அழுத்திவிடுங்கள்.

ஒரு தகவல்: அந்த விளையாட்டில் தேடுபவரின் திரைக்கு இந்தப் பொத்தான்கள் வருவதே இல்லை. எந்த ஆட்டம் என்று வைப்பது எப்போதும் ஒளிபவர்தான். அவன் திரையில் பொத்தான்களை வைத்தது நான்; அவை இருந்தது அவள் கையில்.