வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள்

ஆவணப்படம் ஒன்றுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருந்தபோதே மாதங்கியின் லேப்டாப் அணைந்துபோனது. வேறு சார்ஜரைச் செருகிப் பார்த்தாள், பொத்தானை விடாமல் அழுத்திப் பார்த்தாள். ம்ஹூம். டெல்லியில் முனிர்கா பக்கம் ஒற்றை அறையில் தனியாக இருப்பவள். ஆபீஸ், சம்பளம், பொழுதுபோக்கு எல்லாமே அவளுக்கு அந்த லேப்டாப்தான். பைக்குள் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த நேரு பிளேஸுக்குக் கிளம்பினாள்.

ரிப்பேர் கடை ஹரிஷங்கர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு இந்தியில் சொன்னார்: "மதர்போர்டு போயிடுச்சு மேடம். மாத்திடலாம், ஆனா எவ்வளவு நாள் ஓடும்னு சொல்ல முடியாது. புதுசு வாங்கினா நிம்மதி."

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"இது உங்க சாமான். வீட்ல கேட்டுச் சொல்லுங்க."

வெளியே வராந்தாவுக்கு வந்து சிந்துவைக் கூப்பிட்டாள். ஆறு வருஷம் ஒரே அறையில் இருந்தவர்கள். இந்த லேப்டாப்பையே இருவரும் சேர்ந்து வந்துதான் வாங்கினார்கள். கல்யாணமாகி சிந்து இப்போது புனேயில், கைக்குழந்தையோடு.

"மாது, பாப்பா இப்பதான்டி கண்ணை மூடியிருக்கா. அப்புறம் கூப்பிடறேன், அச்சா?"

அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

கடையின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஹரிஷங்கர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். போன வேகத்தில் திரும்பி உள்ளே போக மாதங்கிக்குக் கூச்சமாக இருந்தது. போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"ஆமா சிந்து, மதர்போர்டாம்" என்றாள், யாருமில்லாத போனில். "புதுசு வாங்கலாம்தான். ஆனா இதைத் தூக்கிப் போட மனசே வரல." கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். "நேத்து முழுக்க நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல, தெரியுமா? இன்னிக்கு இந்தக் கடைக்காரர்கிட்டதான் வாயைத் திறந்தேன்."

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. முகத்தைத் துப்பட்டாவால் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

"ரிப்பேரே பண்ணிடுங்க."

"வீட்ல சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்க."

வெள்ளிக்கிழமை லேப்டாப் தயாராகிவிட்டது. பொத்தானை அழுத்தியதும் பழையபடி இரைந்துகொண்டு எழுந்தது. ஹரிஷங்கருக்கு நன்றி சொல்லிவிட்டு கால்காஜி மந்திர் மெட்ரோவுக்கு நடந்தாள். பிளாட்பாரத்தில் நின்றிருந்தபோது போன் அடித்தது. சிந்து.

"அன்னிக்கு என்னவோ கேக்க வந்தியேடி? மறந்தே போயிட்டேன்."

"லேப்டாப் செத்துப்போச்சு. இப்ப சரியாயிடுச்சு."

"அப்பாடா. சரி, வெச்சிடவா? அடுப்புல பால் இருக்கு."

"சிந்து, வைக்காதே."

"என்னடி?"

அன்றைக்கு வெறும் போனில் மாதங்கிக்கு அத்தனை சுலபமாக வந்த பேச்சு இப்போது வரவில்லை.

"ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரம் லைன்ல இரேன்."

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு நாற்காலியை இழுக்கும் சத்தம். குழந்தை ஏதோ மழலையில் பேசியது.

"இருக்கேன்" என்றாள் சிந்து. "மெதுவா சொல்லு."

ரயில் வந்து கதவு திறந்தது. மாதங்கி அதில் ஏறவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.